கட்டுரை இருக்கட்டும், முதலில் காகிதங்களைப் பாருங்கள்

கேள்வி: சான் ஹோசேயில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் நகரின் கிழக்குப் பகுதி நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் வருகிறார்கள், இருவரின் பெற்றோரும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். அந்தப் பெண் நன்றாகப் படிக்கிறாள். ஆனால் அப்பா அம்மாவுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) இல்லை என்பதால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே பயப்படுகிறாள். பையன் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டு உள்ளூர் அரசுக் கல்லூரி) போதும் என்கிறான். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான பயிற்சியிலிருந்து தொடங்கலாமா?

பதில்: எஸ்.ஏ.டி. வேண்டாம். கலிஃபோர்னியாவில் யூ.சி., கால் ஸ்டேட் என்ற இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளுமே சேர்க்கைக்கு அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. கல்லூரி என்றதும் தேர்வு மதிப்பெண்ணில் தொடங்குவது நம் வீட்டுப் பழக்கம். குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வழிவந்த) பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது அங்கே அல்ல. ஒரு கடவுச்சொல், ஒரு கையெழுத்து, யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சல் என்று சின்னச் சின்ன இடங்களில்தான் சறுக்குகிறார்கள். அதைக் கடந்து வந்த ஆள் அவர்கள் வீட்டில் இல்லை. அந்த இடங்களில் பக்கத்தில் உட்காருவதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

அடுத்த சனிக்கிழமை இருவரையும் மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ‘ஏ-டு-ஜி’ என்ற 15 ஓராண்டுப் பாடங்களில் குறைந்தது ‘சி’ வாங்கியிருந்தால்தான் யூ.சி.யும் கால் ஸ்டேட்டும் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளும். வரலாறு 2, ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, பிறமொழி 2, கலை 1, விருப்பப் பாடம் 1. ‘டி’ வாங்கினாலும் பள்ளியில் தேர்ச்சி உண்டு, பட்டமளிப்பு விழாவும் உண்டு, ஆனால் பல்கலைக்கழகக் கணக்கில் அந்தப் பாடம் சேராது. இதைப் பிள்ளைக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘டி’ ஏதும் கண்ணில் பட்டால் அதே வாரம் பள்ளிக் கவுன்சலரைப் பார்க்க அனுப்புங்கள். கணிதத்தில் மேல்நிலைப் பாடத்தில் வாங்கிய நல்ல மதிப்பெண் கீழ்நிலை ‘டி’யைச் சரிசெய்துவிடும். இல்லாவிட்டால் அடுத்த பருவத்தில் திரும்பப் படிக்க இன்னும் நேரம் இருக்கிறது.

இரண்டு விண்ணப்பங்களும் அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை, சில ஆண்டுகளில் ஓரிரு நாள் தள்ளி முடியும். கட்டணம் யூ.சி.யில் வளாகத்துக்கு 80 டாலர், கால் ஸ்டேட்டில் 70. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இரண்டு அமைப்பிலும் நான்கு வளாகங்கள் வரை விலக்கு கிடைக்கும், விண்ணப்பத்திலேயே வருமானத்தைக் குறிப்பிட்டால் போதும். கால் ஸ்டேட் விண்ணப்பத்துக்குள் ஈ.ஓ.பி. என்ற, வசதி குறைந்த மாணவர்க்கான உதவித் திட்டத்துக்குத் தனியாக ஒரு பகுதி வரும். அதில் சில கேள்விகளுக்கு எழுத வேண்டும். கூடுதல் வேலை என்று பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து தாண்ட விடாதீர்கள். தனி ஆலோசகர், கோடைக்கால அறிமுக வகுப்பு, சில வளாகங்களில் கூடுதல் பணம் என்று முதல் ஆண்டில் தாங்கிப் பிடிப்பது இந்தத் திட்டம்தான்.

யூ.சி. கட்டுரை எட்டுக் கேள்விகளில் நான்கு, ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். அதற்கு முன்னால் செயல்பாடுகள் பகுதியைத் திறந்து வையுங்கள். “நான் எதுவுமே செய்யலையே, கிளப் கிடையாது, விளையாட்டு கிடையாது” என்பாள். பள்ளி விட்டதும் என்ன செய்கிறாய் என்று கேளுங்கள். மூன்று மணிக்குத் தம்பிகளைக் கூட்டி வந்து ஏழு மணி வரை பார்த்துக்கொள்வது, ஞாயிறன்று அப்பாவோடு சந்தையில் கடை போடுவது, அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போய் மொழிபெயர்ப்பது எல்லாம் வெளியே வரும். அந்தப் படிவம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்று கேட்கிறது. ஐந்து நாள் நான்கு மணி நேரம் என்றால் வாரத்துக்கு 20. அந்த எண்ணைப் போட்டவுடன் வெற்றுத் தாள் போலிருந்த விண்ணப்பம் நிறைந்துவிடும். கட்டுரையை உங்கள் ஆங்கிலத்துக்கு மாற்றி எழுதாதீர்கள். பிழை திருத்துங்கள், ‘இங்கே என்ன நடந்தது?’ என்று ஓரத்தில் கேளுங்கள், அதோடு நிறுத்துங்கள். பெற்றோரின் குடிவரவு நிலையை எழுதினால்தான் இடம் கிடைக்கும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி எந்த விதியும் இல்லை.

அடுத்தது பெயர். இது நமக்கு நன்றாகப் புரியும். இனிஷியலை விரித்து எழுதிய பாஸ்போர்ட்டும் சுருக்கி எழுதிய சான்றிதழும் ஒத்துப்போகாமல் அலைந்தவர்கள்தானே நாம். மெக்சிகோ வழக்கப்படி அப்பா வழிப் பெயர் ஒன்று, அம்மா வழிப் பெயர் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் ‘கார்சியா லோபெஸ்’, பள்ளிப் பதிவில் வெறும் ‘கார்சியா’, இன்னொரு இடத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. உதவித்தொகைப் படிவம் ஒரு பெயரில், பள்ளி அனுப்பும் ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) இன்னொரு பெயரில் போனால் இரண்டும் ஒன்று சேராது, கால் கிராண்ட் என்ற மாநில உதவித்தொகை அங்கேயே நின்றுவிடும். எல்லாப் படிவத்திலும் அட்டையில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். கால் கிராண்டுக்கான மாணவர் இணையக் கணக்கைத் திறந்து, ஜி.பி.ஏ. வந்து சேர்ந்ததா என்று பிப்ரவரியில் அவளே பார்க்கட்டும். கெடு வழக்கமாக மார்ச் 2.

இனி அவள் பயப்படும் விஷயம். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கு மத்திய அரசின் பெல் கிராண்ட் பெற முழு உரிமை உண்டு. பெற்றோரின் குடிவரவு நிலை அதைத் தடுக்காது, மத்திய உதவிக்கான ஃபாஃப்ஸா படிவம் அதைக் கேட்பதும் இல்லை. 2025-26 கல்வியாண்டில் பெல் கிராண்டின் உச்சத் தொகை 7,395 டாலர், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் பெற்றோரும் அந்தப் படிவத்துக்கென இணையக் கணக்கு தொடங்கி ஒப்புதல் தர வேண்டும். இருவரும் சேர்ந்து வரி தாக்கல் செய்தால் ஒருவர் போதும். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லை என்று குறிப்பிட்டே கணக்கு தொடங்கலாம். அந்தக் கட்டத்தில் ஐ.டி.ஐ.என். எண்ணையோ (நம் எச்-4 விசா குடும்பங்கள் வரி தாக்கலுக்கு வாங்கும் அதே எண்தான்) வேறு யாருடைய எண்ணையோ போடக் கூடாது. பெற்றோர் கணக்கில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் மகள் தன் படிவத்தில் எழுதுவதோடு ஓரெழுத்தும் மாறக் கூடாது. இங்கேதான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. 2024-25க்கான புதிய படிவம் வந்தபோது, எண் இல்லாத பெற்றோரால் மாதக்கணக்கில் அதை முடிக்கவே முடியவில்லை. அந்தக் கசப்பு அக்கம்பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

பயத்தை வீண் பயம் என்று ஒதுக்காதீர்கள். உதவித்தொகைப் படிவத்தில் தரும் தகவலை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆனால் 2025 ஏப்ரலில் வரித் தகவலைக் குடிவரவு அமலாக்கத்துக்குப் பகிர ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானதையும், அது நீதிமன்றம் வரை போனதையும் அந்தக் குடும்பங்கள் அறியும். கலிஃபோர்னியாவில் இன்னொரு வழி உண்டு. கலிஃபோர்னியா டிரீம் ஆக்ட் விண்ணப்பம் முதலில் குடிவரவு ஆவணமற்ற மாணவர்களுக்காக வந்தது. 2024 முதல், பெற்றோருக்கு ஆவணமில்லாத, ஆனால் தமக்குக் குடியுரிமை உள்ள மாணவர்களும் அதில் விண்ணப்பிக்கலாம். அது மாநில அரசோடு நிற்கும். அதில் கால் கிராண்டும் பல்கலைக்கழகத்தின் சொந்த உதவியும் கிடைக்கும், பெல் கிராண்டும் மத்திய அரசின் கடனும் கிடைக்காது. ஆண்டுக்கு 7,395 டாலர் வரை விட்டுக்கொடுத்து நிம்மதியை வாங்குவதா என்பதுதான் கேள்வி. முடிவு குடும்பத்துடையது, உங்களுடையதல்ல.

முடிவெடுக்க நேரம் தேவைப்பட்டால் மாநில விண்ணப்பத்தை மார்ச் 2க்குள் போட்டுவிடட்டும். ஃபாஃப்ஸாவுக்கு மத்திய அரசு தரும் கெடு அந்தக் கல்வியாண்டு முடியும் ஜூன் 30 வரை நீளும். பிறகு மனம் மாறினால் கல்லூரி உதவித்தொகை அலுவலகத்தில் கேட்டுவிட்டு அதைப் போடலாம். ஒருமுறை போட்டுவிட்டால் தகவலைத் திரும்பப் பெற முடியாது, அதையும் சொல்லிவிடுங்கள். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே ஃபாஃப்ஸா போட்டிருந்தால் பெற்றோர் விவரம் முன்பே அங்கே இருக்கிறது, அப்போது யோசிக்க வேண்டிய விதமும் வேறு.

இது பற்றிய சட்டக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். ‘நோட்டாரியோ’ என்ற பலகை மாட்டிய கடைக்கும் அனுப்பாதீர்கள். மெக்சிகோவில் நோட்டாரியோ என்றால் உயர்நிலை வழக்கறிஞர். அமெரிக்காவில் நோட்டரி வெறும் கையெழுத்துச் சான்று தருபவர். இந்த ஒரு சொல்லின் குழப்பத்தை வைத்துப் பணம் பறிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். உரிமம் பெற்ற வழக்கறிஞர், அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி, இந்த இருவரில் ஒருவரிடம்தான் போக வேண்டும்.

ஸ்பானிஷ் தெரியாதது பெரிய குறையில்லை. ஆனால் பெற்றோரோடு பேசும்போது அந்தப் பெண்ணையே மொழிபெயர்க்க வைத்துவிடாதீர்கள். வீட்டில் வங்கிக் கடிதத்திலிருந்து மருந்துச் சீட்டு வரை அவள்தான் மொழிபெயர்க்கிறாள். தான் வீட்டை விட்டுப் போவது பற்றிய பேச்சையும் அவளே மொழிபெயர்த்தால் அப்பாவின் முகம் வாடும் இடத்தில் பாதியை விழுங்கிவிடுவாள். ஸ்பானிஷ் பேசும் பள்ளிக் கவுன்சலரையோ பள்ளியின் பெற்றோர் தொடர்பாளரையோ உடன் வைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளை ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்ற கேள்வி கட்டாயம் வரும். நம் வீடுகளில் வராத கேள்வியா? விடுதி எங்கே, அறையில் யார், எப்போது வீட்டுக்கு வரலாம், இரவில் யாரை அழைக்கலாம் என்று கேள்விக்கு நேரான பதில் சொல்லுங்கள். பல வளாகங்களில் பெற்றோருக்கு ஸ்பானிஷிலேயே அறிமுகக் கூட்டம் நடக்கிறது. அப்பா ஒருமுறை வளாகத்தை நேரில் பார்த்துவிட்டால் பேச்சே மாறும்.

உதவித்தொகைக் கடிதங்கள் வசந்த காலத்தில் வரும். ஒரே பத்தியில் கிராண்டும் கடனும் பகுதிநேர வேலை ஊதியமும் கலந்து கிடக்கும், கீழே ஒரு பெரிய மொத்தம் இருக்கும். பேனாவை எடுத்துத் திருப்பிக் கட்ட வேண்டியதையெல்லாம் அடித்துவிடுங்கள். தங்குமிடம், சாப்பாடு சேர்ந்த முழுச் செலவிலிருந்து கிராண்டை மட்டும் கழித்தால் வருவதுதான் உண்மை விலை. ஆண்டு வருமானம் 100,000 டாலருக்குக் குறைந்த கலிஃபோர்னியா குடும்பத்துக்கு, உதவிக்குத் தகுதி இருந்தால், யூ.சி. கல்விக் கட்டணம் கிராண்டுகளால் ஈடாகிவிடும். வீட்டு வாடகை ஈடாகாது. விடுதியில் தங்கிப் படிக்கும் யூ.சி.யையும் வீட்டிலிருந்து போய்வரும் சான் ஹோசே ஸ்டேட்டையும் இந்த ஒரு எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

பையனுடைய திட்டத்தில் தவறு எதுவும் இல்லை, அவனுக்குத் திட்டம்தான் இன்னும் இல்லை. கம்யூனிட்டி காலேஜில் யூனிட்டுக்கு (பாடத்தை அளக்கும் அலகு) 46 டாலர், குறைந்த வருமானம் என்றால் அதுவும் தள்ளுபடி. ஆனால் கண்ணில் பட்ட பாடங்களை எடுத்துக்கொண்டே நான்காண்டு ஓட்டி, பல்கலைக்கழகத்துக்கு மாற்றலாகாமலே நின்றுபோவோர் நிறையப் பேர். பதிவு செய்யும் முன்பே மூன்று காரியம் செய்யட்டும். கவுன்சலரோடு அமர்ந்து எழுத்தில் ஒரு கல்வித் திட்டம். அசிஸ்ட் என்ற மாநில இணையதளத்தில், தான் எடுக்கும் பாடம் போக விரும்பும் வளாகத்தில் செல்லுமா என்ற சோதனை. கால் ஸ்டேட்டில் இடம் உறுதி தரும் 60 யூனிட் மாற்றல் பட்டம் அவனுடைய துறையில் இருக்கிறதா என்ற விசாரிப்பு. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ‘அடிப்படை’ வகுப்பில் உட்கார யாராவது சொன்னால் ஏன் என்று கேட்கட்டும். ஏ.பி. 705 என்ற 2017ஆம் ஆண்டுச் சட்டமும் அதை இறுக்கிய ஏ.பி. 1705ம் மாணவரை நேரடியாக மாற்றலுக்குரிய வகுப்பில் சேர்ப்பதையே முறையாக்கிவிட்டன. ப்வென்டே திட்டம் அந்தக் கல்லூரியில் இருந்தால் முதல் பருவத்திலேயே சேரச் சொல்லுங்கள். 1981இல் ஹேவர்டில் சாபோட் கல்லூரியில் தொடங்கியது அது. ஓராண்டு முழுக்க ஒரே ஆங்கில வகுப்பு, ஒரே ஆலோசகர், சமூகத்திலிருந்து ஒரு வழிகாட்டி. ஒரு கல்லூரிக்கு ‘ஹிஸ்பானிக் மாணவர்க்குச் சேவை செய்யும் நிறுவனம்’ என்ற பட்டம் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மாணவரில் கால்வாசிப் பேர் ஹிஸ்பானிக் என்பதே அதன் முக்கிய அளவுகோல். அதற்கான மத்திய நிதியின் பெரும் பகுதியும் 2025 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. எந்த மாணவர் உதவி மையம் இன்னும் திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மே மாதம் இடம் உறுதியானதும் நீங்கள் விலகிவிடாதீர்கள். ஜூனுக்கும் ஆகஸ்ட்டுக்கும் நடுவே பள்ளிக் கவுன்சலர் விடுமுறையில் இருப்பார், கல்லூரியோ புதிய மின்னஞ்சல் முகவரிக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டே இருக்கும். இறுதி மதிப்பெண் பட்டியல், தடுப்பூசிச் சான்று, வருமானச் சரிபார்ப்பு, விடுதி முன்பணம். இடம் கிடைத்தும் பிள்ளைகள் காணாமல் போவது இந்த மூன்று மாதத்தில்தான். யூ.சி. கட்டணத்தோடு மருத்துவக் காப்பீடும் தானாகச் சேர்ந்து வரும். மெடி-கால் என்ற மாநில மருத்துவக் காப்பீடு இருந்தால் விலக்கு கேட்கலாம், கெடுவுக்குள் கேட்காவிட்டால் சில ஆயிரம் டாலர் பில்லாக நிற்கும்.

கல்லூரி திறந்த பிறகு வாரம் ஒரு குறுஞ்செய்தி போதும், ஆனால் கேள்வி குறிப்பாக இருக்கட்டும். “எப்படிப் போகுது?” என்றால் “நல்லாப் போகுது” என்றுதான் பதில் வரும். “எந்தப் பேராசிரியரை அவர் அறையில் போய்ப் பார்த்தாய்?” என்று கேளுங்கள். பெரியவரிடம் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று வளர்ந்த பிள்ளைக்கு முதல் வாக்கியத்தைச் சொல்லியே கொடுக்க வேண்டும்: “மூன்றாம் கணக்கில் இந்த வரி வரை வந்தேன், அடுத்தது புரியவில்லை.” தேர்வுத் தேதிகளை ஸ்பானிஷில் எழுதி வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டச் சொல்லுங்கள். அந்த வாரம் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் ஏற்பாடு செய்ய அம்மாவுக்கு அது உதவும்.

பாடம் ஒன்றைக் கைவிடும் யோசனை வந்தால் முதலில் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். பருவத்தில் 60 விழுக்காடு ஓடும் முன் எல்லாப் பாடத்தையும் விட்டால் மத்திய உதவியின் ஒரு பங்கைத் திருப்பிக் கட்ட நேரும். பட்டத்துக்கு 120 யூனிட், அதாவது பருவத்துக்கு 15. முழுநேர உதவித்தொகைக்கு 12 போதும் என்பதால் அங்கேயே நின்றால் படிப்பு ஐந்தாண்டாகும், பெல் கிராண்டோ வாழ்நாளில் 12 முழுநேரப் பருவங்களுக்கு மட்டுமே. ஐந்தாம், ஆறாம் வாரத்தில் முதல் தேர்வு முடிவுகள் வரும். அந்த வாரத்தை இப்போதே உங்கள் காலண்டரில் குறித்துவைத்து, அன்று குறுஞ்செய்தி அனுப்பாமல் நேரில் போய்ப் பாருங்கள்.