மரச்சட்டக மூட்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: தூணில் உத்தரத்தைப் பூட்டும்போது கழுந்தின் தடிமன் எவ்வளவு இருக்க வேண்டும்? அதில் அடிக்கும் மரமுளைதான் எடையைத் தாங்குகிறதா?

பதில்: தூணில் எடுத்த துளைக்குள் நுழையும்படி உத்தரத்தின் நுனியில் செதுக்கி விடும் நாக்கையே கழுந்து என்கிறேன். மரத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு என்பது நாற்காலியும் கதவும் செய்பவர்களின் கணக்கு. 200 மி.மீ. தூணில் அதைப் பின்பற்றினால் தூணின் வலுவைத் தேவையின்றி இழப்பீர்கள். 40 முதல் 50 மி.மீ. போதும்.

முளை எடையைத் தாங்குவதில்லை, தாங்க விடவும் கூடாது. தூணின் முகத்தில் 15 மி.மீ. அளவுக்கு ஒரு படி வெட்டி, உத்தரத்தின் முழு அகலமும் அதன்மேல் உட்காரும்படி செய்தால், எடை அந்தப் படி வழியாகத் தூணுக்கு இறங்கும். கழுந்து நழுவாமல் பிடிப்பது மட்டுமே முளையின் வேலை. அதற்காகத்தான் கழுந்தில் போடும் முளைக்கண்ணைத் தூணின் முளைக்கண்ணுக்கு நேராகப் போடாமல், தோள் பக்கமாக, அதாவது கழுந்தின் அடியில் தூணை ஒட்டி நிற்கும் உத்தர முகத்தின் பக்கமாக, சுமார் 3 மி.மீ. தள்ளிப் போடுகிறோம். நுனி சீவிய முளையைக் கொட்டாப்புளியால் அடிக்க அடிக்க, அது சற்றே வளைந்து கழுந்தை உள்ளே இழுத்து, தோளைத் தூணோடு இறுக்கிவிடும். முளைக்கான மரத்தை அறுக்காமல் நார்வாக்கில் பிளந்தெடுங்கள். அறுத்த முளையில் நார் குறுக்கே ஓடினால் வளையும் இடத்திலேயே ஒடிந்துவிடும்.

ஒரே மட்டத்தில் தூணின் நான்கு பக்கமும் துளை எடுக்காதீர்கள். எடுத்த மரம் திரும்பி வராது.

கேள்வி: மூட்டில் பசை இட்டால் கூடுதல் உறுதி கிடைக்குமா?

பதில்: சட்டக மூட்டில் கிடைக்காது. மரம் காயும்போது அசையும். அந்த அசைவைப் பசை தடுத்தால் மரம் பிளக்கும்.

கேள்வி: பச்சை ஓக் மரத்தில் புறாவால் மூட்டு (நுனிப்பக்கம் அகன்று விரியும் வால் வடிவ நாக்கு) வெட்டி, குறுக்கு விட்டத்தைச் சுவரின் மேல் கிடக்கும் விட்டத்தோடு பூட்டினேன். காய்ந்தபின் மூட்டு ஒரு விரற்கடைக்கு மேல் வெளியே வந்துவிட்டது. வெட்டியதில் பிழையா?

பதில்: வெட்டில் பிழையில்லை, மூட்டைத் தேர்ந்ததில்தான் பிழை. ஓக் காயும்போது நீளவாக்கில் ஏறத்தாழ 0.1 சதவீதமே சுருங்கும். ஆரத்தின் திசையில், அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கி, 4 முதல் 5 சதவீதமும், வளர்ச்சி வளையத்தின் திசையில் 8 முதல் 10 சதவீதமும் சுருங்கும். உங்கள் வால் குறுக்கு விட்டத்தின் அகலவாக்கில் இருப்பதால் அது குறுகுகிறது. அது உட்கார்ந்திருக்கும் குழியின் அகலமோ மற்ற விட்டத்தின் நீளவாக்கில் இருப்பதால் அப்படியே நிற்கிறது. 150 மி.மீ. அகல வால் 6 சதவீதம் சுருங்கினால் 9 மி.மீ. குறையும், அதாவது பக்கத்துக்கு 4.5 மி.மீ. வாலின் சரிவு ஆறுக்கு ஒன்று என்றால், அந்த இடைவெளி அடைபடுவதற்குள் வால் 27 மி.மீ. வெளியே வந்திருக்கும்.

வாலின் ஒரு பக்கத்தை மட்டும் சரிவாக வெட்டி, நேரான பக்கத்தில் நன்கு காய்ந்த ஆப்பை இறக்குங்கள். தளரும்போதெல்லாம் அதைத் தட்டி இறுக்கலாம். அல்லது கழுந்தை மறுபுறம் ஊடுருவ விட்டு, வெளியே நீளும் தலையில் ஆப்பு இறக்குங்கள். ஜெர்மனியின் லைப்சிக் அருகே அகழ்ந்தெடுத்த புதிய கற்காலக் கிணற்றில், இரும்பையே அறியாதவர்கள் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பு ஓக் மரங்களை இப்படித்தான் பூட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: ஜப்பானியக் கோயில்கள் ஓர் ஆணிகூட இல்லாமல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிற்கின்றன. ஆணி அடிப்பது கைத்திறன் இல்லாதவர் வேலைதானே?

பதில்: நாராவின் ஹோர்யூஜி கோயிலிலேயே கொல்லர் அடித்த இரும்பு ஆணிகள் இருக்கின்றன. தூணும் உத்தரமும் மூட்டுகளால் நிற்கும். ஆணி தேவைப்பட்ட இடத்தில் அந்தத் தச்சர்கள் கூச்சமின்றி ஆணி அடித்தார்கள்.

கேள்வி (அதே நண்பர்): சீனாவின் யிங்சியன் மரக் கோபுரத்தை மறந்துவிட்டீர்கள். ஆணி இல்லாததால்தானே அது நிலநடுக்கங்களைத் தாங்கியது?

பதில்: மறக்கவில்லை. 1056இல் எழுந்த, 67 மீட்டர் உயரமுள்ள கோபுரம் அது. அதைக் காத்ததில் பெரும்பங்கு, தூண்தலையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கோத்து அடுக்கிய தாங்குகட்டைகளுக்கு உரியது. தரை ஆடும்போது அவை ஒன்றோடொன்று உராய்ந்து, சற்று நழுவி, மேலிருக்கும் பெரும் எடையால் மீண்டும் அமர்கின்றன. ஆட்டத்தின் ஆற்றல் அந்த உராய்விலேயே செலவாகிறது.

கேள்வி (இன்னொருவர்): அப்படியென்றால் தளர்ந்த மூட்டுதான் நல்ல மூட்டா?

பதில்: இல்லை. இறுக்கமாகப் பொருந்தி, அளவோடு அசைய இடம்தரும் மூட்டே நல்ல மூட்டு. அசைந்தது முழுவதும் திரும்புவதும் இல்லை: அதே கோபுரத்தின் இரண்டாம் நிலைத் தூண்கள் இன்று கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்திருக்கின்றன. ஆணி வழக்கை இத்துடன் முடித்துக்கொள்வோம்.

கேள்வி: எபாக்சி பசை வலிமையானது என்கிறார்களே, அதை இடலாமா?

பதில்: பசைக்கு மேலே பதில் சொல்லியாயிற்று. எபாக்சியும் பசைதான்.

கேள்வி: ஒசாகா கோட்டையின் ஓதே வாயில் தூணில் போட்ட ஒட்டில் இரண்டு முகங்களில் வால் வடிவமும் மற்ற இரண்டில் மலை வடிவமும் தெரிகின்றன. மேலிருந்தும் இறக்க முடியாது, பக்கவாட்டிலும் செருக முடியாது. எப்படிப் பூட்டினார்கள்?

பதில்: நல்ல கேள்வி. செங்குத்து, கிடை என்ற இரண்டு திசைகளை மட்டுமே நினைப்பதால்தான் புதிராகத் தெரிகிறது. உள்முகங்கள் சரிவானவை; மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் சாய்வாகச் சறுக்கி அமர்கிறது. 1983இல் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தபோது இது தெளிவாயிற்று.

கேள்வி: 6 மீட்டர் அகலக் கூரைக்கு எந்த அளவு உத்தரம் போட வேண்டும்?

பதில்: இதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள். மர இனம், கூரையின் எடை, காற்று எதையும் அறியாமல் எண் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பழைய தூணின் அடி மட்டும் இற்றுவிட்டது. முழுத் தூணையும் மாற்றாமல் ஒட்டுப்போட முடியுமா? எந்த மூட்டு ஏற்றது?

பதில்: முடியும். ஜப்பானியத் தச்சர்கள் கனவா என்று அழைக்கும் மூட்டு இதற்கு ஏற்றது. மேல்துண்டிலும் கீழ்த்துண்டிலும் ஒரே வடிவத்தை வெட்டி, பக்கவாட்டில் சேர்த்து, நடுவில் ஆப்பு இறக்கிப் பூட்டுவார்கள். ஆகவே கட்டடத்தை உயரத் தூக்க வேண்டியதில்லை, எடையை முட்டுக்கால்களுக்கு மாற்றினால் போதும். உளியால் குத்திப் பார்த்து, கெட்டியான மரம் தொடங்கும் இடத்துக்கு மேலே வெட்டுங்கள். துளை இருக்கும் மட்டத்தில் ஒட்டைக் கொண்டுவராதீர்கள். எடுத்த மரத்தைப் பற்றி முதல் பதிலிலேயே சொன்னேன். புதிய துண்டு பழைய தூணின் இனமாகவும், அதே அளவு காய்ந்ததாகவும் இருக்க வேண்டும். தூணின் அடியை ஈரம் எட்டிய வழியை அடைக்காமல் உளியைக் கையில் எடுக்காதீர்கள்.