டொக்டருக்குப் படிக்க இன்டர்வியூ, என்ன கேப்பாங்க?

கேள்வி: அக்கா, நான் ஏ.எல். பயோ எழுதிட்டேன். லண்டன்ல இருக்குற மாமா படிக்க வைக்கிறேன்னதால அங்க ஒரு மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ணினேன், இப்ப ஒன்லைன் இன்டர்வியூக்கு கூப்ட்டிருக்காங்க. பேராதனைல மெடிசின் படிக்கிற அண்ணாகிட்ட கேட்டா, எனக்கு இன்டர்வியூவே இல்லையேங்கிறாரு. என்ன கேப்பாங்க? பயமா இருக்கு.
- வாசகி, தலவாக்கலை

பதில்: அண்ணா சொல்றது சரிதான் தங்கச்சி, இங்க கெம்பஸுக்கு ஏ.எல். மார்க்ஸ வச்சுப் போடுற இசட் ஸ்கோரும் மாவட்டக் கோட்டாவும்தான், உங்க மொகத்தக் கூட பாக்க மாட்டாங்க. அங்க மார்க்ஸ், யூகேட்ங்கிற நுழைவுப் பரீட்சை எல்லாம் தாண்டினாலும் பேசிப் பாத்துதான் எடுப்பாங்க.

ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் மாதிரி எடத்துல ரெண்டு மூணு பேர் உக்காந்து பாடத்துலயே நோண்டுவாங்க. மத்த நெறைய எடத்துல எம்.எம்.ஐ. (மல்டிபிள் மினி இன்டர்வியூ)தான், கனடாவுல மெக்மாஸ்டர் யூனிவர்சிட்டில ஆரம்பிச்ச முறை. சின்னச் சின்ன ஸ்டேஷனா வரும், ஒவ்வொண்ணும் அஞ்சாறு நிமிஷம், ஒவ்வொண்ணுக்கும் வேற ஆள். ஒண்ணுல சொதப்பினாலும் அடுத்த ஆளுக்கு அது தெரியாது, அதனால அழுதுட்டே அடுத்ததுக்குப் போகாதீங்க.

ஒரு ஸ்டேஷன்ல, பதினெட்டு வயசு தாண்டின ஒரு நோயாளி, நல்ல சுயபுத்தியோட, ரத்தம் ஏத்த வேணாம்னு சொல்றாரு, என்ன செய்வீங்கன்னு கேக்கலாம். நம்ம புத்திக்கு உடனே "எப்படியாவது ஏத்தி உசிரக் காப்பாத்துவேன்"னுதான் வரும். அங்க அது தப்பு. ஏன் வேணாங்கிறாருன்னு கேக்கணும், ஏத்தாட்டி என்னாகும்னு வெளங்குற மாதிரி சொல்லணும், அப்பவும் வேணாம்னா அது அவரோட முடிவு.

இன்னொண்ணுல ஒரு வேலைய வாயாலேயே வெளக்கச் சொல்வாங்க, கைய காட்டக் கூடாது. இதுக்கு வீட்லயே பழகலாம். தம்பிய அந்தப் பக்கம் திரும்பி நிக்க வச்சு, கொழுந்து பறிக்கப் போறப்ப அம்மா இடுப்புல படங்குத் துணி கட்ற மாதிரி அவன கட்ட வைங்க பாப்போம். "இப்படிப் புடி, அப்படிச் சுத்து"ன்னா அவனுக்கு ஒண்ணும் வெளங்காது, "வலது கையில இருக்குற முனைய இடது இடுப்புக்குக் கொண்டு போ"ன்னு வார்த்தை வரணும். ரெண்டு நாள்ல அவன் ஓடிருவான், பரவாயில்ல.

ஏன் டொக்டர் ஆகணும்ங்கிறது எப்படியும் வரும். நான் போன இன்டர்வியூல இதுக்கு ஒரு பக்கம் பாடமாக்கி வச்சிருந்தேன், மூணாவது வரில நின்னு போச்சு, மனித சமுதாயத்துக்கு சேவைன்னு தொடங்கினது எங்க போச்சுன்னே தெரியல. அவங்க சிரிச்சுட்டு "உங்க வீட்டுப் பக்கம் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்"னு கேட்டாங்க. அப்புறம்தான் பேச்சு வந்திச்சு, தோட்டத்து டிஸ்பென்சரி, ராத்திரில லொறில ஏத்திட்டுப் போன பக்கத்து லயத்து அக்கா எல்லாம். உங்களுக்கும் அப்படி ஒண்ணு இருக்கும், அதத்தான் சொல்லணும். ஆனா கஷ்டத்த மட்டும் கொட்டிட்டு நிறுத்திராதீங்க, அதுல நீங்க என்ன செஞ்சீங்க, என்ன கத்துக்கிட்டீங்கன்னுதான் அவங்களுக்கு வேணும்.

மாமாகிட்டயும் ஒண்ணு சொல்லிருங்க, படிச்சு முடிச்சு இங்க வந்து வேலை செய்யணும்னா இலங்கை மெடிக்கல் கவுன்சில்ல, வெளிநாட்டுல டொக்டருக்குப் படிச்சவங்களுக்கு வைக்கிற ஈ.ஆர்.பி.எம். பரீட்சை பாஸ் பண்ணணும், அந்த ஸ்கூல கவுன்சில் ஏத்துக்குதான்னு இப்பவே பாத்துருங்க.

நேரத்தையும் சரியா பாருங்க. அங்க குளிர்காலத்துல காலைல 10 மணின்னா நமக்கு பின்நேரம் 3.30. மழை வந்தா உங்க பக்கம் கரண்டும் சிக்னலும் என்ன பாடுபடுத்தும்னு உங்களுக்கே தெரியும், அன்னைக்கு ஹட்டன் டவுன்ல யாராவது சொந்தக்காரங்க வீட்டுக்குக் காலைலயே போயிருங்க.