சந்திரதாலில் ஓர் இரவு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

இமாச்சலப் பிரதேசம், லாஹௌல்-ஸ்பிதி மாவட்டம், ஏறக்குறைய 4,300 மீட்டர் உயரம். அங்கே பிறை வடிவில் கிடக்கிறது சந்திரதால் ஏரி. சுற்றளவு இரண்டரை கிலோமீட்டர்தான். நம் பக்கத்துக் கண்மாய்களுக்கு முன்னால் இது குட்டை. ஐந்து தடவை போய்வந்தவள் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. சேர்ந்தவற்றுக்கு மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

செந்தில்: அக்கா, காலையில மணாலியில கிளம்பி அன்னைக்கு ராத்திரியே சந்திரதால்ல டென்ட்ல தங்குறதா பிளான். டிரைவர் "ஆராமா போலாம் சார்"ங்கிறார். போலாமா?

வண்டி ஆராமாகப் போகும், தம்பி. உடம்புதான் போகாது. மணாலி 2,050 மீட்டர், கூடாரங்கள் இருக்கும் இடம் 4,200-க்கு மேல். ஒரே பகலில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறி அங்கேயே படுக்கிறீர்கள். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது மலை மருத்துவர்களின் கணக்கு. பகலில் எவ்வளவு ஏறினீர்கள் என்பதைவிட ராத்திரி எங்கே படுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். தூங்கும்போது மூச்சு மந்தமாகும், ரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இறங்கும். கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான் அங்கே கிடைக்கிறது.

2016-ல் நாங்களும் இதே முட்டாள்தனத்தைச் செய்தோம். அடல் சுரங்கம் வராத காலம், ரோதாங் கணவாய் வழியாகப் போனோம். ஏரியைப் பார்த்தபோது எல்லாருக்கும் உற்சாகம். ஏழு மணிக்குச் சாப்பாட்டுக் கூடாரத்தில் என் தம்பி முறைப் பையன் தேநீர் தம்ளரைக் கையில் பிடித்தபடியே இருந்தான், குடிக்கவில்லை. ஆறி ஆடை கட்டிவிட்டது. "என்னடா?" என்றால் "ஒண்ணுமில்ல, தலை லேசா" என்றான். பத்து மணிக்கு வாந்தி. அந்தப் பாதையில் ராத்திரி வண்டி எடுக்க டிரைவர் மறுத்துவிட்டார், அது நியாயம்தான். விடியும்வரை அவனை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். ஐந்து மணிக்குக் கிளம்பி, ஆயிரம் மீட்டர் போல இறங்கி சத்ரு என்ற இடத்துக்கு வந்ததும், "ஆம்லெட் கிடைக்குமா?" என்றான். ஊர் பெயர்தான் சத்ரு, அன்றைக்கு எங்களுக்கு மித்திரன்.

ரம்யா: அப்போ எந்த வழியா போறது நல்லது? பத்து நாள் லீவு இருக்கு.

பத்து நாள் இருக்கிறதென்றால் யோசிக்கவே வேண்டாம், சிம்லா வழியாகப் போங்கள். சிம்லா 2,200 மீட்டர், கல்பா 2,960, தாபோ 3,280, காஜா 3,650 என்று படிப்படியாக ஏறும் பாதை. காஜாவில் இரண்டு இரவு தங்கி, பிறகு குன்சும் கணவாயைத் தாண்டிச் சந்திரதால் வந்து, மறுநாள் மணாலி பக்கம் இறங்கிவிடலாம். கணவாய் 4,500 மீட்டருக்கு மேல், ஆனால் வண்டியில் கடக்கிறீர்கள், அங்கே படுக்கப் போவதில்லை.

அதே வட்டத்தைத் தலைகீழாக, மணாலியில் தொடங்கிச் சுற்றினால், ஏரி முதல் நாளே வந்துவிடும். பயண ஏற்பாட்டாளர்கள் பலர் அப்படித்தான் விற்கிறார்கள். காசு கொடுப்பதற்கு முன் முதல் இரவு எங்கே என்று கேளுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: டயமாக்ஸ் போட்டுக்கிட்டா ஒரே நாள்ல ஏறலாம்னு நண்பர் சொல்றார். கற்பூரம் முகர்ந்தாலும் போதுமாமே?

டயமாக்ஸ் என்பது மலை உயர நோய்க்கான மாத்திரை, மூச்சைக் கொஞ்சம் துரிதப்படுத்தி உடம்பு பழகுவதற்கு உதவும். பழகவேண்டிய நாட்களுக்கு அது மாற்று இல்லை. ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருப்பவர்கள் கவனம், டாக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள். விரல் மரக்கும், சிறுநீர் அடிக்கடி வரும், பயப்பட வேண்டாம்.

கற்பூரம் பூஜைக்கு. முகர்ந்தால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும், காற்றில் இல்லாத ஆக்சிஜனை அது எங்கிருந்து கொண்டுவரும்? கையடக்க ஆக்சிஜன் டப்பாவும் சில நிமிட ஆறுதல்தான். மதுவும் தூக்க மாத்திரையும் அந்த இரவில் கூடவே கூடாது.

டேவிட்: ஆக்ஸிமீட்டர்ல எவ்வளவு காட்டினா ஆபத்து?

எண்ணைப் பார்த்துக் கலங்காதீர்கள். அந்த உயரத்தில் நன்றாக இருப்பவருக்கே 80-களில் காட்டும், விரல் குளிர்ந்திருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும். ஆளைப் பாருங்கள். தலைவலி, பசியின்மை, குமட்டல் என்றால் மேற்கொண்டு ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், அல்லது நேர்கோட்டில் குதிகாலையும் விரலையும் ஒட்டி நடக்கச் சொன்னால் தள்ளாடினால், நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கிறது என்று வைத்துக்கொண்டு உடனே இறக்க வேண்டும்.

சந்திரதாலின் சிக்கலே இந்த இறக்கத்தில்தான். அரை மணி வண்டி ஓட்டி ஆயிரம் மீட்டர் இறங்கும் மலை இல்லை இது. சாலையில் முதலில் வரும் பாதலே 3,960 மீட்டர். அங்கிருந்து காஜா பக்கம் போக வேண்டுமானால் குன்சும் மேலே ஏறித்தான் இறங்க வேண்டும். மணாலி பக்கம் என்றால் மணிக்கணக்கில் கல்லும் நீரோடையும். அதனால்தான் இங்கே தங்குவதைப் பற்றி இவ்வளவு கறாராகப் பேசுகிறேன்.

மீனாட்சி: அம்மாவுக்கு 64 வயசு, பையனுக்கு 4. அவங்களுக்கும் ஏரியைக் காட்டணும்னு ஆசை.

காட்டுங்கள், தங்கவைக்காதீர்கள். காஜாவில் இரண்டு மூன்று நாள் இருந்து பழகிய பிறகு, ஒரு நாள் அதிகாலையில் கிளம்பி ஏரியைப் பார்த்துவிட்டு அன்றே திரும்புங்கள். போக நாலைந்து மணி, வர நாலைந்து மணி. அலுப்புத்தான், ஆனால் இரவு பழகிய உயரத்தில் தூங்குவீர்கள். நாலு வயதுப் பிள்ளைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது, சிணுங்குவான், அவ்வளவுதான். நீங்கள் அதைப் பயணக் களைப்பு என்பீர்கள். அம்மாவுக்கு இதயம், ரத்த அழுத்தம் ஏதாவது இருந்தால் முதலில் டாக்டர், பிறகு டிக்கெட்.

அருண்: ஏரிக்கரையிலேயே டென்ட் போடலாமா? சொந்த டென்ட் இருக்கு.

கூடாது. 2005-லிருந்து அது ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச ஒப்பந்தப்படி பாதுகாக்கப்படும் நீர்நிலை, கரையில் கூடாரம் போடத் தடை. கூடாரங்கள் எல்லாம் மூன்று நான்கு கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும், அங்கிருந்து ஏரி கண்ணில் படாது. விளம்பரத்தில் "லேக் வியூ" என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டுக் கடந்துபோங்கள். வண்டி நிறுத்தும் இடம் வரை வண்டி, பிறகு ஒரு கிலோமீட்டர் போல நடை. சமவெளியில் பத்துப் பதினைந்து நிமிட நடைக்கு அங்கே அரை மணி ஆகும்.

கார்த்திகா: நிலா ஏரின்னு பேர். பௌர்ணமிக்குப் போனா சூப்பரா இருக்குமா?

ஏரி கூடாரத்திலிருந்து தெரியாது என்று மேலே சொன்னேனே! பௌர்ணமியில் கிடைப்பது வெளிச்சமான கூடாரம்தான். அமாவாசையை ஒட்டிப் போங்கள். தலைக்கு மேல் பால்வீதி புகை மாதிரி கிடக்கும்.

ஏரிக்கு நல்ல நேரம் விடிகாலை. மத்தியானத்துக்கு மேல் காற்று எழுந்து தண்ணீர் சுருக்கம் விழுந்துவிடும், மலை நிழல் உடைந்துபோகும். ஆறு மணிக்குப் போனீர்களானால் மேலே ஒரு மலை, கீழே ஒரு மலை. நிறம் அரை மணிக்கொருமுறை மாறும்: முதலில் ஈயம், அப்புறம் பச்சை, வெயில் ஏறியதும் மயில் கழுத்து. ஆரஞ்சு நிற வாத்து ஜோடி கரையோரம் மேயும், கிட்டே போய் விரட்டாதீர்கள். தர்மரை இந்திரன் தேரில் ஏற்றிக்கொண்டு போனது இங்கிருந்துதான் என்று அந்தப் பக்கத்துக் கதை.

இஸ்மாயில்: பைக்ல வரலாமா? எந்த மாசம்?

பாதை பெரும்பாலும் ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. என் தேர்வு செப்டம்பர் முதல் பாதி: மழை அடங்கியிருக்கும், ஓடைகளில் நீர் குறைந்திருக்கும், குளிர் மட்டும் பூஜ்யத்துக்குக் கீழே போகலாம்.

2020-ல் அடல் சுரங்கம் திறந்த பிறகு ரோதாங் ஏற வேண்டியதில்லை. சுரங்கம் தாண்டி கிராம்பு என்ற இடத்தில் (ஆமாம், பெயரே அதுதான்) காஜா சாலை பிரியும். அங்கிருந்து பாதல் வரை கல் ரோடு, நடுநடுவே பனியுருகி வரும் ஓடைகள் சாலையின் மேலேயே ஓடும். காலையில் கணுக்கால் அளவு, வெயில் ஏற ஏற முழங்கால் அளவு. மத்தியானத்துக்குள் கடந்துவிடுகிற மாதிரி கிளம்புங்கள். பெட்ரோலை மணாலியிலேயே நிரப்புங்கள், அடுத்தது காஜாவில்தான் என்று கணக்கு வையுங்கள்.

சுகன்யா, டொராண்டோ: கணவர் கனடா பாஸ்போர்ட். அனுமதி வேணுமா?

மணாலி வழியாக வந்து போனால் இன்னர் லைன் பெர்மிட் (எல்லையோரப் பகுதிக்கான அனுமதிச் சீட்டு) தேவையில்லை. ரெக்காங் பியோவுக்கும் தாபோவுக்கும் நடுவில் உள்ள பகுதிக்குத்தான் வெளிநாட்டவருக்கு அது வேண்டும். சிம்லா வழியாக வந்தால் வழியிலேயே வாங்கிவிடுங்கள்.

பாலா: போன் சிக்னல்?

இல்லை. வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், ஒரு நாள் கூடுதலாகவே சொல்லுங்கள். 2023 ஜூலையில் திடீர்ப் பனியில் பாதை மூடி, ஏறக்குறைய 300 பேர் சந்திரதால் கூடாரங்களில் சில நாள் மாட்டிக்கொண்டார்கள். ஜூலையில்! திரும்பும் விமானத்தை மறுநாளுக்கே பதிவு செய்துவிட்டு இங்கே வரக் கூடாது.

வசந்தி: ஏரியில குளிக்கலாமா?

கூடாது. உறைய வைக்கும் தண்ணீர், உதவிக்கு ஆள் கிடையாது.

கோமதி: சாப்பாடு எப்படி? குட்டி குக்கர் கொண்டுபோகவா?

தேவையில்லை, கூடாரத்திலேயே ரொட்டி, ராஜ்மா, சாதம் கிடைக்கும். அங்கே தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி எவ்வளவு நேரம் கிடந்தாலும் நடுவில் நறுக்கென்றிருக்கும், அவர்களே குக்கரில்தான் வைக்கிறார்கள். பசி குறைவாக இருக்கும், வற்புறுத்தியாவது கொஞ்சம் சாப்பிடுங்கள். பருப்புப் பொடி மட்டும் எடுத்துப்போங்கள், சற்றே தாராளமாக. போன தடவை பக்கத்துக் கூடாரத்துப் பஞ்சாபிக் குடும்பம் "இது என்ன?" என்று கேட்டதோடு சரி, விடிவதற்குள் என் டப்பா காலி.