முடிவு முதலில், காரணம் பிறகு: போர்களைப் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவும் பிரிட்டனும் வெளிநாடுகளில் போர் தொடுத்தபோதெல்லாம் தங்கள் மக்களிடம் என்ன காரணம் சொன்னார்கள், அது பிறகு என்ன ஆனது என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (தஞ்சாவூர்): ஐயா, போருக்கு முன்னால் எல்லா அரசும் பொய்தான் சொல்கிறது என்கிறீர்களா?

அப்படிச் சொல்ல மாட்டேன். 1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் உசேனின் படை குவைத்துக்குள் நுழைந்தது உண்மை. அதை யாரும் ஜோடிக்கவில்லை. ஆனால் அந்த உண்மை போதாது என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். அக்டோபர் 10 அன்று வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு முன்னால் 15 வயதுக் குவைத் பெண் ஒருத்தி அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். ஆஸ்பத்திரியில் இன்குபேட்டரில் இருந்த குழந்தைகளை இராக் சிப்பாய்கள் எடுத்துத் தரையில் போட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். பாதுகாப்புக்காக என்று அவளுடைய முழுப்பெயரை வெளியிடவில்லை. அதிபர் மூத்த புஷ் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். செனட்டர்களும் மேற்கோள் காட்டினார்கள். 1991 ஜனவரியில் செனட் போருக்கு அனுமதி கொடுத்தபோது ஓட்டு 52க்கு 47.

ஓராண்டு கழித்துத்தான் அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்று தெரிந்தது. அந்தச் சாட்சியத்துக்குப் பின்னால் இருந்தது, குவைத் தரப்பு பணம் கொடுத்து அமர்த்திய ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம். இன்குபேட்டர் கதைக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. உண்மையான ஆக்கிரமிப்பு கண்முன்னால் இருக்கும்போதே இன்னொரு கதை தேவைப்பட்டது என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவி): வியட்நாம் போர் டோங்கின் வளைகுடா சம்பவத்தில் தொடங்கியது என்று பாடத்தில் வருகிறது. அங்கே என்னதான் நடந்தது சார்?

இதை நிதானமாகப் பார்ப்போம். 1964 ஆகஸ்ட் 2 அன்று வட வியட்நாமின் டார்பிடோ படகுகள் மேடாக்ஸ் என்ற அமெரிக்கக் கப்பலைத் தாக்கின. இது நடந்தது. ஆனால் அதற்குச் சில நாட்கள் முன்புதான் அமெரிக்கா திட்டம் வகுத்துக் கொடுத்து தென் வியட்நாம் படகுகள் வட வியட்நாம் தீவுகளைத் தாக்கியிருந்தன. அந்தத் தகவல் அமெரிக்க மக்களிடம் சொல்லப்படவில்லை.

ஆகஸ்ட் 4 இரவு இரண்டாவது தாக்குதல் நடந்ததாகச் செய்தி வந்தது. அந்த இரவு இருட்டு, மோசமான வானிலை. கப்பல்கள் கண்ணுக்குத் தெரியாத எதிரியை நோக்கிச் சுட்டுக்கொண்டே இருந்தன. சில மணி நேரத்தில் அங்கே பொறுப்பில் இருந்த கேப்டன் ஹெரிக் தந்தி அனுப்பினார்: வானிலை ரேடாரைக் குழப்பியிருக்கலாம், கடலடி ஒலியைக் கேட்கும் சோனார் கருவியைப் பார்த்தவர்கள் ஆர்வக்கோளாறில் தவறாகச் சொல்லியிருக்கலாம், மேடாக்ஸில் யாரும் எதிரிப் படகைக் கண்ணால் பார்க்கவில்லை, மேற்கொண்டு எதுவும் செய்யும் முன் முழுமையாக ஆராயுங்கள். அன்று இரவே அதிபர் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, பதிலடி தொடங்கிவிட்டது என்றார். மூன்றாம் நாள், அங்கே படையைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி கொடுக்கும் தீர்மானம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கீழவையில் 416க்கு 0, செனட்டில் 88க்கு 2. அப்படி ஒரு தீர்மானத்தின் வரைவு சம்பவத்துக்கு முன்பே அரசிடம் இருந்தது.

இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்று அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையின் வரலாற்றாளர் எழுதிய ஆய்வு 2005ல்தான் வெளியே வந்தது. களத்தில் இருந்த கேப்டனின் சந்தேகத்தை அன்றைக்கே பொருட்படுத்தியிருந்தால், அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

கேள்வி (கோவை): உளவுத்துறை தவறாகச் சொன்னதால்தான் அதிபர் இளைய புஷ்ஷும் பிரிட்டிஷ் பிரதமர் பிளேரும் இராக் விஷயத்தில் ஏமாந்தார்கள் என்று ஒரு விவாதத்தில் கேட்டேன். சரிதானே?

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2002 ஜூலை 23 அன்று லண்டனில் பிளேர் தலைமையில் ஒரு ரகசியக் கூட்டம். வாஷிங்டன் போய்விட்டு வந்த பிரிட்டிஷ் உளவுத்துறைத் தலைவர் அங்கே சொன்னது கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது: ராணுவ நடவடிக்கை தவிர்க்க முடியாதது என்றே அங்கே நினைக்கிறார்கள், உளவுத் தகவல்களும் உண்மைகளும் அந்தக் கொள்கைக்கு ஏற்றபடி அமைக்கப்படுகின்றன. 45 நிமிடத்தில் இராக்கின் பேரழிவு ஆயுதங்கள் தயாராகிவிடும் என்ற அறிக்கை பிரிட்டனில் வந்தது செப்டம்பரில். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் சிறு குப்பியைத் தூக்கிக் காட்டி இராக்கின் ஆயுதங்களைப் பற்றிப் பேசியது 2003 பிப்ரவரி 5. முடிவு முன்னால் போகிறது, ஆதாரம் பின்னால் ஓடி வருகிறது.

பவல் சொன்ன நடமாடும் கிருமி ஆயுதக் கூடங்களுக்கு முக்கிய சாட்சி, ஜெர்மனியில் தஞ்சம் புகுந்த ஒரு இராக்கிய இன்ஜினியர். கர்வ்பால் என்பது அவருக்கு வைத்த சங்கேதப் பெயர். தான் சொன்னது பொய் என்று 2011ல் அவரே ஒப்புக்கொண்டார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஐ.நா. ஆய்வாளர்கள் அப்போது இராக்கிலேயே இருந்தார்கள். அவர்களுடைய தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் மார்ச் 7 அன்று, வேலையை முடிக்க ஆண்டுகள் ஆகாது, வாரங்களும் போதாது, சில மாதங்கள் வேண்டும் என்றார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, குண்டு விழத் தொடங்கியது. உண்மையைத் தெரிந்துகொள்ள வழி இருந்தும் அதை மூடியவர்களை ஏமாந்தவர்கள் என்று நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி (சேலம்): மக்களைக் காப்பாற்றத்தான் போகிறோம் என்பதாவது நியாயமான காரணம் இல்லையா?

சில நேரம் நியாயம்தான். கம்போடியாவில் போல் பாட் ஆட்சியின் படுகொலையை நிறுத்தியது 1978 டிசம்பரில் உள்ளே நுழைந்த வியட்நாம் படை. அதற்கு அமெரிக்கா பாராட்டா தெரிவித்தது? கண்டித்தது. துரத்தப்பட்ட போல் பாட் தரப்பே ஐ.நா.வில் கம்போடியாவின் இருக்கையில் தொடர்ந்து உட்கார அமெரிக்காவும் பிரிட்டனும் ஆதரவு கொடுத்தன. மனித உயிர் மீது அக்கறை என்பது யார் காப்பாற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறினால், அதை எப்படி நம்புவது?

2011ல் லிபியாவில் பெங்காசி நகர மக்களைக் காப்பதற்காக என்று தொடங்கிய போர், ஆட்சியைக் கவிழ்ப்பதில் போய் முடிந்தது. மக்களுக்கு இருந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவே 2016ல் எழுதியது.

கேள்வி (திருநெல்வேலி): "அங்கே போய் அடிக்காவிட்டால் அவர்கள் இங்கே வந்து அடிப்பார்கள்" என்பது?

இராக் போருக்குப் பொருந்தவில்லை. படையெடுத்தால் அல் கய்தா ஆபத்து அதிகமாகும் என்று பிரிட்டனின் கூட்டு உளவுக் குழு போருக்கு முன்பே மதிப்பிட்டிருந்தது. 2005 ஜூலை 7 அன்று லண்டனில் குண்டு வெடித்து 52 பேர் இறந்தார்கள். இராக் போர் ஒரு தலைமுறையில் சிலரைத் தீவிரவாதத்தின் பக்கம் தள்ளியது என்று உள்நாட்டு உளவுத்துறையின் முன்னாள் தலைவரே விசாரணையில் சொன்னார்.

கேள்வி (நாகர்கோவில்): முதலில் சொன்ன காரணம் பொய்த்துப் போன பிறகும் ஏன் சார் போரை நிறுத்துவதில்லை?

அப்போது காரணம் மாறுகிறது. இராக்கில் ஆயுதம் கிடைக்காதபோது, ஜனநாயகத்தைக் கொண்டுவரத்தான் போனோம் என்று காரணம் வந்தது. கடைசியில் "இவ்வளவு வீரர்கள் செத்தது வீணாகக் கூடாது" என்பார்கள். இறந்தவர்களைக் காட்டி இன்னும் சிலரைச் சாகக் கேட்கும் இந்த வாதம்தான் எனக்கு மிகவும் வேதனை தருவது.

உள்ளே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதிகாரி ஜான் மெக்நாட்டன் 1965 மார்ச்சில் எழுதிய குறிப்பில் வியட்நாமில் அமெரிக்காவின் நோக்கங்களுக்குச் சதவீதம் போட்டிருக்கிறார். அவமானகரமான தோல்வியைத் தவிர்க்க 70, அந்த நிலம் சீனாவின் கைக்குப் போகாமலிருக்க 20, தென் வியட்நாம் மக்கள் நல்ல, சுதந்திரமான வாழ்க்கை வாழ 10. மேடையில் சொல்லப்பட்டதெல்லாம் அந்தக் கடைசிப் பத்துதான். ஆண்டுக்கணக்கில் நீண்ட அந்தப் போரில் இறந்த அமெரிக்க வீரர்கள் மட்டும் 58,000 பேருக்கு மேல். வியட்நாமியர்கள் பல லட்சம்.

கேள்வி (புதுச்சேரி): நாடாளுமன்றம் தடுக்க முடியாதா?

சட்டப்படி முடியும். ஆனால் அமெரிக்க நாடாளுமன்றம் முறைப்படி போர் அறிவித்தது கடைசியாக 1942ல். அப்புறம் எல்லாமே அனுமதித் தீர்மானம், அல்லது அதுவும் இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மூன்று நாள் கழித்து நிறைவேறிய தீர்மானம் ஒன்றை வைத்தே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளில் சண்டை நடந்தது. கீழவையில் அதை எதிர்த்து ஓட்டுப் போட்டவர் பார்பரா லீ ஒருவர் மட்டுமே.

கேள்வி (ஈரோடு): அந்த நேரத்தில் உள்ளிருந்து எதிர்த்தவர்கள் வேறு யாரும் இல்லையா? பிறகு அவர்கள் கதி?

இருந்தார்கள். டோங்கின் தீர்மானத்தை எதிர்த்த செனட்டர்கள் வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் க்ரூனிங் இருவருமே 1968ல் பதவி இழந்தார்கள். இராக் போருக்கு ஆதரவு திரட்ட ஐ.நா. உறுப்பு நாடுகளை ஒட்டுக் கேட்கும் திட்டத்தை வெளியிட்ட பிரிட்டிஷ் ஊழியர் கேத்தரின் கன் வேலை இழந்து, வழக்கையும் சந்தித்தார். 2004ல் அரசுத் தரப்பு ஆதாரம் எதையும் முன்வைக்காமல் வழக்கைக் கைவிட்டது.

பிளேர் அமைச்சரவையில் இருந்த ராபின் குக்கை நான் தனியாகச் சொல்வேன். முன்னாள் வெளியுறவு அமைச்சர், ரகசிய அறிக்கைகளைப் படித்துப் பழகியவர். 2003 மார்ச் 17 அன்று பதவி விலகி நாடாளுமன்றக் கீழவையில் பேசினார். வழக்கமான பொருளில் பேரழிவு ஆயுதம் என்று சொல்லத்தக்க எதுவும் இராக்கிடம் அநேகமாக இல்லை என்றார். அந்த அவையில் கைதட்டும் பழக்கம் கிடையாது, அன்று தட்டினார்கள். மறுநாள் அதே அவை 412க்கு 149 என்று போருக்கு ஓட்டுப் போட்டது.