தாத்தா கொடுத்த பீங்கான் ஜாடியும் அரண்மனைக் கதையும்

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். என் தாத்தா ஒரு சீன வணிகரிடம் கணக்கு எழுதியவர். 1958-இல் அவர் கடையை மூடியபோது தாத்தாவுக்கு ஒரு பீங்கான் ஜாடி கொடுத்தாராம். ஓரடி உயரம். வெள்ளையின் மேல் நீல நிறத்தில் டிராகன், காலுக்கு ஐந்து நகம், அடியில் ஆறு சீன எழுத்துகள். இணையத்தில் படம் பார்த்த ஓர் ஏலத் தரகர், "இது பெய்ஜிங் அரண்மனையில் இருந்த சியன்லோங் பேரரசர் காலத்துப் பொருள், ஹாங்காங்கில் 18 லட்சம் டாலருக்குப் போகும்" என்கிறார். சான்றிதழ், கேட்டலாக் அச்சு, கண்காட்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து 6,800 டாலர் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஜாடியையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். "சேவை ஒப்பந்தம்" என்று எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஜாடி நல்லதாகவே இருக்கலாம், அது வேறு கேள்வி. விற்பதற்கு முன்னால் விற்பவரிடம் பணம் கேட்பவர் ஏலம் நடத்துபவர் அல்லர். முறையான ஏல நிறுவனம் படம் பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்காது. பொருள் விற்ற பிறகு, விற்ற தொகையில் தன் பங்கைக் கழித்துக்கொள்ளும்.

இந்த மோசடி எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலில் இலவச மதிப்பீடு. அடுத்து மயக்கம் வரும் அளவுக்கு ஒரு தொகை. பிறகு "இந்த வாரம் கேட்டலாக் மூடுகிறது" என்ற அவசரம். பணம் கட்டியதும் பளபளப்பான புத்தகத்தில் உங்கள் ஜாடியின் படம் வரும், ஏதோ ஒரு ஓட்டலில் கண்காட்சியும் நடக்கும். ஏல நாளில் யாரும் கேட்கமாட்டார்கள். "சந்தை மந்தம், அடுத்த முறை பார்ப்போம், 3,000 கட்டினால் போதும்" என்று மறுபடி தொடங்கும். நீங்கள் கையெழுத்திட்ட தாளில் விற்றுத் தருவதாக எங்கும் எழுதியிருக்காது. "விளம்பர சேவை" என்றுதான் இருக்கும். விளம்பரம் செய்தாகிவிட்டது, ஒப்பந்தம் முடிந்துவிட்டது. காவல் நிலையத்துக்குப் போனால் இது சிவில் தகராறு என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். ஊர் ஊராக ஒரே மாதிரி நடப்பதைத் தடுக்க ஒரு வழி செய்யாமல், ஏமாந்தவரையே வக்கீல் தேடி அலையவிடும் இந்த ஏற்பாட்டை எப்படித்தான் பொறுத்துக்கொள்வது!

இனி அரண்மனைக் கதைக்கு வருவோம். பெய்ஜிங் அரண்மனையான விலக்கப்பட்ட நகரம் 1406 முதல் 1420 வரை கட்டப்பட்டது. கடைசிப் பேரரசர் புயி 1912-இல் முடி துறந்த பிறகும் உள் அரண்மனையில்தான் குடியிருந்தார். 1924 நவம்பர் 5 அன்று வெளியேற்றப்பட்டார். உடனே ஒரு குழு அறை அறையாகக் கணக்கெடுக்கத் தொடங்கியது. ஒவ்வொரு மண்டபத்துக்கும் ஒரு சீன எழுத்து, அதற்குள் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், பொருள்மேல் சீட்டு. கணக்கு 11 லட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டியது, 28 தொகுதிகளாக அச்சானது. 1925 அக்டோபர் 10-இல் அரண்மனை அருங்காட்சியகம் திறந்தது. 1933-இல் ஜப்பானியருக்குப் பயந்து 13,427 பெட்டிகளில் பொருள்களைத் தெற்கே அனுப்பியபோதும் பெட்டிவாரியாகப் பட்டியல் இருந்தது. அவற்றில் 2,972 பெட்டிகள்தான் 1948-49 குளிர்காலத்தில் மூன்று கப்பல்களில் தைவான் போனவை. "போர்க்காலத்தில் பெட்டியிலிருந்து தவறி வெளியே வந்தது" என்று தரகர் சொன்னால், எந்த மண்டபம், எந்த எண் என்று கேளுங்கள். அத்துடன் பேச்சு நின்றுவிடும்.

புயி பெயரையும் இழுப்பார்கள். அவர் பொருள்களை வெளியே கடத்தியது உண்மைதான். 1922 முதல், உடன் படிக்க வந்த தம்பி பூஜியே ஒவ்வொரு நாளும் பாடம் முடிந்து திரும்பும்போது துணிமூட்டையில் எடுத்துப் போனார். தம்பிக்குப் பரிசளித்ததாக எழுதி வைத்த பட்டியலும் பின்னால் கிடைத்தது. ஆனால் அந்த மூட்டைகளில் போனவை ஓவியச் சுருள்கள், கையெழுத்துச் சுருள்கள், பழைய அச்சு நூல்கள். ஓரடி ஜாடியை அப்படிக் கொண்டுபோக முடியாது.

உண்மையாகவே கொள்ளை போனவையும் உண்டு. 1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் சூறையாடியது இந்த அரண்மனையை அல்ல, ஊருக்கு வெளியே இருந்த யுவான்மிங்யுவான் கோடை அரண்மனையை. அள்ளியதைப் பெய்ஜிங்கிலேயே ஏலம் விட்டுச் சிப்பாய்களுக்குப் பங்கு பிரித்தார்கள். அந்தப் போருக்கு மதராஸ் சாப்பர்ஸ் என்ற சென்னை மாகாணத்துப் படைப் பொறியாளர் பிரிவும் போயிருந்தது. ஆகவே தமிழ் வீடுகளில் "சீனப் போரிலிருந்து தாத்தா கொண்டுவந்தது" என்ற பேச்சு இருந்தால் அதைத் தரகர்கள் நன்றாகவே பயன்படுத்துவார்கள். உங்கள் ஜாடி வந்த வழி வேறு, 1958-இல் ஒரு வணிகரிடமிருந்து வந்தது. அந்த உண்மையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் சொல்லும் பெரிய கதைக்காக அதை விட்டுவிடாதீர்கள்.

ஐந்து நகம் இருந்தால் அரண்மனைப் பொருள் என்பது அடுத்த பொய். இங்கே ஒரு விதிவிலக்கைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தெரிந்தவர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள். அரச சூளை இருந்த ஊர் ஜிங்டெஷென். அரண்மனைக்காகச் சுட்டவற்றில் நிறம் பிசகியது, வடிவம் கோணியது என்று ஒவ்வொரு முறையும் ஏராளமாகக் கழியும். முந்திய மிங் வம்சக் காலத்தில் அவற்றை உடைத்துக் குழியில் புதைத்தார்கள். 1742-இல் சியன்லோங் பேரரசர், கழிந்தவற்றை ஜிங்டெஷென்னிலேயே விற்றுவிடலாம் என்றார். சூளையின் மேற்பார்வையாளர் தாங் யிங் தயங்கினார். மஞ்சள் பாண்டங்களையும் ஐந்து நக டிராகன் போட்டவற்றையும் குடிமக்களிடம் விற்பது முறையா என்று எழுதிக் கேட்டார். மஞ்சளை விற்க வேண்டாம் என்பதை ஒப்புக்கொண்ட பேரரசர், ஐந்து நகம் வெளியே சாதாரணமாகவே புழங்குகிறது, அதை விற்கலாம் என்று பதில் எழுதினார். அதனால் அரச சூளையில் சுட்டு, அரச முத்திரை பொறித்து, ஐந்து நகத்தோடு இருந்தும், அரண்மனை வாசலையே மிதிக்காத ஜாடிகள் அந்தக் காலத்திலேயே கடைத்தெருவில் இருந்தன. உங்கள் ஜாடி அசலாகவே இருந்தால்கூட, "அரண்மனையில் இருந்தது" என்பதற்கு நகம் சாட்சி ஆகாது.

அடியில் உள்ள ஆறெழுத்து முத்திரையும் அப்படித்தான். மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாகப் படித்தால் "தா சிங் சியன்லோங் நியன் ழி" என்று வரும். மகா சிங் வம்சத்துச் சியன்லோங் ஆண்டுகளில் செய்தது என்று பொருள். அவர் ஆண்டது 1736 முதல் 1795 வரை. அந்த ஆறு எழுத்தை இன்றைக்கும் ஜிங்டெஷென்னில் எத்தனையோ கைகள் பிசகாமல் எழுதுகின்றன. பழைய மன்னர் பெயரை மரியாதைக்காகப் பொறிப்பதும் அங்கே நெடுநாள் வழக்கம். 1875-1908-இல் ஆண்ட குவாங்ஷூ பேரரசர் காலத்துப் பாண்டங்களில், இருநூறு ஆண்டு முந்திய காங்ஷி பேரரசரின் முத்திரை தாராளமாகக் கிடைக்கும். எனவே முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது அடிவளையம்.

மேசையில் தடித்த துண்டை இரண்டாக மடித்துப் போடுங்கள். மோதிரம், வளையல்களைக் கழற்றிவிடுங்கள். கழுத்தைப் பிடித்துத் தூக்காமல், ஒரு கையை வயிற்றுப் பகுதியிலும் மறு கையை அடியிலும் வைத்து மெல்லச் சாய்த்துப் படுக்க வையுங்கள். ஜாடி தரையில் நிற்கும் மெருகில்லாத வட்டத்தில் விரலை ஓட்டுங்கள். 18-ஆம் நூற்றாண்டு அரச சூளையின் நல்ல பாண்டத்தில் அந்த வளையம் கூராக இல்லாமல் வழுவழுவென உருண்டிருக்கும். சீனத்தில் இதற்கு வைத்த பெயரே நமக்குப் பழகியதுதான்: அயிரை மீன் முதுகு. நறநறவென்று இருந்தாலோ, சக்கரத்தில் தேய்த்த கோடு விரலில் தட்டினாலோ சந்தேகப்படுங்கள். வளையத்தில் பழுப்பு அழுக்கு ஒரே சீராக இருந்தால், ஓர் ஓரத்தை மட்டும் ஈரப் பஞ்சால் துடையுங்கள். பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தால் அது தேயிலைச் சாயமோ ஷூ பாலிஷோதான். முத்திரைக்குப் பக்கத்தில் மங்கலாகத் தேய்ந்த ஒரு திட்டு தென்படுகிறதா? 1891 முதல் அமெரிக்கச் சட்டத்துக்காக ஏற்றுமதிப் பாண்டங்களில் "சைனா" என்று அச்சிட்டார்கள். பழசாகக் காட்ட நினைப்பவர்கள் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள்.

பிறகு 10 மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸில் வயிற்றுப் பகுதியைப் பாருங்கள். இருநூறு ஆண்டு புழங்கிய பொருளில் கீறல்கள் பல திசையில், பல ஆழத்தில், கை படும் இடங்களில் மட்டும் இருக்கும். எல்லாக் கீறலும் ஒரே பக்கம் ஓடினால் உப்புத்தாள் வேலை. கை எட்டாத மடிப்புகளிலும் மினுக்கம் செத்துக் கிடந்தால் அமிலத்தில் தோய்த்திருக்கிறார்கள். சோப்பு, ப்ளீச் எதுவும் போடாதீர்கள். உள்ளே பழைய ஒட்டு இருந்தால் கழன்றுவிடும்.

ஆய்வுக்கூடத்தில் துளை போட்டு வயது பார்க்கலாம் என்று ஒருவர் வருவார். மறுத்துவிடுங்கள். பீங்கானில் ஓட்டை விழும், மதிப்பும் போகும். கதிர்வீச்சு பாய்ச்சி அந்தச் சோதனையையே ஏமாற்றும் வித்தையும் சந்தையில் இருக்கிறது. சிவப்பு முத்திரை குத்திய சான்றிதழும் வேண்டாம். சீனாவில் நவீன காலத்தில் செய்த ஒரு போலி ஜேட் (பச்சைக்கல்) உடையை, அரண்மனை அருங்காட்சியகத்தின் முன்னாள் துணைத் தலைவர் உட்பட ஐந்து நிபுணர்கள் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்தே 240 கோடி யுவான் பெறும் என்று கையெழுத்திட்டார்கள். உடையின் சொந்தக்காரர் அந்த மதிப்பீட்டைக் காட்டி வங்கியில் கடன் வாங்கியிருந்தார். 2011-இல் விஷயம் வெளியே வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், முன், பின், வாய், உட்புறம், முழு அடிப்பகுதி, முத்திரை என ஆறு படம் எடுங்கள். உயரம், வாய் விட்டம், அடி விட்டம் மில்லிமீட்டரில், எடை கிராமில் குறியுங்கள். சீனப் பீங்கானுக்கெனத் தனிப் பிரிவு வைத்திருக்கும் மூன்று பெரிய ஏல நிறுவனங்களின் இணையதளத்துக்கு நீங்களே போய், மதிப்பீட்டுப் படிவத்தில் ஏற்றுங்கள். யாரோ அனுப்பிய லிங்க்கை நம்பாதீர்கள். பதில் வரச் சில வாரம் ஆகும். பெரும்பாலும் "எங்கள் ஏலத்துக்குப் பொருந்தாது" என்று ஒற்றை வரிதான் வரும், காரணம் சொல்லமாட்டார்கள். இரண்டு வரி எழுதினால் ஒரு குடும்பம் தரகரிடம் சிக்காமல் தப்பும், அதைச் செய்ய மனம் வருவதில்லை. மூன்று பேரும் அப்படியே சொன்னால், ஜாடி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய அழகான பொருள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுக்கொண்டால், கேட்டலாகில் என்ன எழுதப்போகிறார்கள் என்று கேளுங்கள். "மார்க் அண்ட் பீரியட்" என்றால் முத்திரையும் அந்தக் காலத்தது, பொருளும் அந்தக் காலத்தது என்று அவர்கள் பொறுப்பேற்கிறார்கள். வெறும் "சியன்லோங் மார்க்" என்றால் எழுத்து இருக்கிறது, அவ்வளவுதான். இந்த இரண்டு சொல்லுக்கு இடையில் விலை நூறு மடங்கு மாறும். 2010-இல் லண்டன் புறநகரில் ஒரு சியன்லோங் ஜாடி 4.3 கோடி பவுண்டுக்கு ஏலம் போனதைத் தரகர் உங்களிடம் காட்டியிருப்பார். எடுத்தவர் அந்தப் பணத்தைக் கட்டவில்லை, பிற்பாடு அது குறைந்த விலைக்குத்தான் கைமாறியது என்பதைச் சொல்லியிருக்கமாட்டார்.

இன்னும் ஒன்று. பழைய ஆல்பங்களைத் தேடுங்கள். தாத்தா வீட்டுக் கல்யாணப் படம், பொங்கல் படம் ஏதாவது ஒன்றில் பின்னணியில் அந்த ஜாடி நிற்கிறதா பாருங்கள். இருந்தால் படத்தை ஆல்பத்திலிருந்து பிய்க்காமல், முன்பக்கமும், முடிந்தால் ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் உள்ள பின்பக்கமும் தெரியும்படி ஸ்கேன் செய்யுங்கள். அந்த வணிகர் எழுதிய கடிதமோ, தாத்தாவின் சம்பளச் சீட்டோ கிடைத்தால் அதையும் சேர்த்து வையுங்கள். தரகரின் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்காத ஏல நிறுவனம் இந்தக் காகிதங்களைத்தான் முதலில் கேட்கும்.