வண்டி கேள்வி – பதில்: பிரேக் ஆயில் ஏன் குறைந்தது?

கேள்வி (நாமக்கல் வாசகர்): என்னுடையது எட்டு வருடமான சின்ன கார். போன மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை போய்விட்டு இறங்கும்போது, வளைவுகளில் பிரேக் போட்டபோதெல்லாம் ஹேண்ட்பிரேக் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. ஹேண்ட்பிரேக்கை முழுசாக இறக்கித்தான் விட்டிருந்தேன். காரவள்ளி வந்து சமதளம் ஏறியதும் விளக்கு எரியவே இல்லை. ஊரில் ஒரு கடையில் காட்டினேன், ‘ஆயில் கம்மி’ என்று மேல் கோடு வரை ஊற்றிக் கொடுத்தார்கள். இத்தோடு விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். நாளைக்கே முன்சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் தட்டை அழுத்திப் பிடிக்கிற கட்டையை, பார்க்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக்குக்கும் பிரேக் ஆயில் குறைவுக்கும் ஒரே சிவப்பு விளக்குதான். ஆயில் டப்பாவுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. ஆயில் கீழ்க்கோட்டுப் பக்கம் வந்துவிட்டால், வண்டி மூக்கைச் சாய்த்து இறங்கும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், மிதவை தாழும், விளக்கு எரியும். சமதளத்துக்கு வந்ததும் அணைந்துவிடும். அதாவது மலை இறக்கத்தில் உங்கள் கார் உங்களுக்கு ஒரு தகவல் சொல்லியிருக்கிறது, கடைக்காரர் ஆயிலை ஊற்றி அதன் வாயை மூடிவிட்டார்.

பிரேக் ஆயில் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. நீங்கள் பெடலில் மிதிக்கிற அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோக மூடிய குழாய்க்குள்ளேயே இருப்பது. அது குறைந்தால் பெரும்பாலும் இரண்டே காரணம்தான். ஒன்று, பேட் தேய்ந்திருக்கும். தேயத் தேய, பேடைத் தாங்கிப் பிடிக்கிற காலிபரில் உள்ள பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், அதன் பின்னால் உண்டாகிற இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும். இது வருடக் கணக்கில் மெதுவாக நடக்கிறது, கோளாறும் இல்லை. ஆனால் ஆயில் கீழ்க்கோட்டைத் தொட்டுவிட்டது என்றால் பேட் முடியப்போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் மேல் கோடு வரை ஊற்றிவிட்டால், புதுப் பேட் போடும் அன்று மெக்கானிக் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது கூடுதல் ஆயில் டப்பாவிலிருந்து பொங்கி வழியும். அதனால் பேட் மாற்றும்போது அதிகமாக இருப்பதை முதலில் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு காரணம் கசிவு. இதுதான் பயப்பட வேண்டியது. நான்கு சக்கரத்தின் உள்பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள், பின்சக்கரம் டிரம் பிரேக் என்றால் அங்கே பிரேக்கைத் தள்ளி விரிக்கிற வீல் சிலிண்டர் ஒழுகி டிரம்மின் கீழ்விளிம்பில் ஈரப்பிசுபிசுப்பு தெரியும். அப்புறம் டிரைவர் கால் வைக்கிற இடத்தில் மிதியடியைத் தூக்கி, பெடலுக்கு மேலே விரல் விட்டுத் தடவுங்கள். நிறைய வண்டிகளில் கிளட்சுக்கும் இதே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது, ஆக கசிவு கிளட்ச் பக்கமும் இருக்கலாம். ஊற்றிய ஆயில் சில வாரத்திலேயே மறுபடி இறங்கினால் கசிவுதான், அந்த வண்டியை ஓட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி வாசகர்): அளவு சரியாக இருக்கும்போது ஆயிலை எதற்கு மாற்ற வேண்டும்? பிரேக் ஆயிலின் தரத்தை டாட் 3, டாட் 4 என்கிறார்களே, எது நல்லது?

பதில்: அளவு சரியாக இருந்த வண்டியில்தான் நான் மாட்டினேன். சில வருடங்களுக்கு முன் வால்பாறையிலிருந்து ஆழியாறு பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன், 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிற பாதை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதி இறங்கியபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது, அடுத்த மிதிக்குத் தரையையே தொட்டது. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை மெல்ல இழுத்து, மலைப்பக்க ஓரத்தில் நிறுத்தினேன். பின்சீட்டில் என் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கல் மாதிரி நிற்கிறது! அந்த ஆயில் ஐந்து வருடமாக மாற்றாதது.

நடந்தது இதுதான். டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சக்கூடியவை, ரப்பர் குழாய் வழியாகக்கூட ஈரம் மெல்ல உள்ளே போகும். ஈரம் சேரச் சேர கொதிநிலை இறங்கும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 140 தான். டாட் 4-க்கு 230, பிறகு 155. இறக்கம் முழுக்கக் காலை எடுக்காமல் பிரேக் பிடித்தால் காலிபரில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி வருகிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும்.

அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள், உங்கள் வண்டிப் புத்தகத்தில் அதற்கும் குறைவாகப் போட்டிருந்தால் அதன்படி. எதை வாங்குவது என்பது வண்டியில் உள்ள ஆயில் டப்பா மூடியிலேயே அச்சடித்திருக்கும். டாட் 3 கேட்கிற வண்டிக்கு டாட் 4 ஊற்றலாம், இரண்டும் கலக்கும். டாட் 4 கேட்கிற வண்டிக்கு டாட் 3 வேண்டாம். டாட் 5 பக்கமே போகாதீர்கள், அது சிலிக்கோன், மற்றதோடு சேராது. டாட் 5.1 என்று ஒன்று உண்டு, பெயர்தான் அப்படி, அது டாட் 4-இன் வகையறா.

கேள்வி (திருச்சி வாசகர்): போன வருடம் வாங்கியதில் பாதி பாட்டில் மீதி இருக்கிறது. நானே ஊற்றிக்கொள்ளலாமா?

பதில்: அந்தப் பாட்டில் வேண்டாம். மூடி திறந்து ஒரு வருடம் இருந்த ஆயில் ஈரம் குடித்திருக்கும். சீல் உடைக்காத சின்ன பாட்டில் வாங்குங்கள்.

ஊற்றுவது சுலபம்தான். சமதளம், இஞ்சின் ஆறியிருக்க வேண்டும். டப்பா வெளிறிய பிளாஸ்டிக், பெரும்பாலும் டிரைவர் பக்கம் இஞ்சினுக்குப் பின்னால் இருக்கும், இரண்டு கோடும் வெளியிலிருந்தே தெரியும். திறப்பதற்கு முன் மூடியையும் அதைச் சுற்றியும் சுத்தமான துணியால் துடையுங்கள், ஒரு பொட்டு மணல்கூட உள்ளே விழக் கூடாது. இஞ்சின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் எதையும் அவசரத்துக்குக்கூட ஊற்றாதீர்கள், ரப்பர் சீல் எல்லாம் உப்பி, பிரேக் முழுவதையும் பிரித்து மாற்ற வேண்டி வரும். பெயின்ட்டில் சிந்தினால் தேய்க்காமல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள், பெயின்ட்டைத் தின்றுவிடும். மீதி ஆயிலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள், அது விஷம், குழந்தை கைக்கு எட்டினால் ஆபத்து.

முழு ஆயிலையும் மாற்றுவதை மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள், குழாயில் காற்று தங்காமல் ஏர் எடுக்க வேண்டும். வேலை முடிந்து சாவி வாங்கியதும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை நாலைந்து தரம் மிதித்துப் பாருங்கள். கெட்டியாக நிற்கவில்லை என்றால் இறங்கி, மறுபடி ஏர் எடுக்கச் சொல்லுங்கள்.