சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்றால் பேசாமல் போய்விடாதீர்கள்

கேள்வி (பெயர் வேண்டாம், ஈரோடு): ஒரு பார்சல் நிறுவனத்துக்கு கான்ட்ராக்டர் மூலமாகக் குட்டியானை ஓட்டுகிறேன். 3 வருஷம் 8 மாதம் ஆகிறது, மாதம் 18,000 ரூபாய். போன வாரம் பெருந்துறைப் பக்கம் பாதி பார்சல் கொடுத்து முடித்திருந்தேன். சூப்பர்வைசர் போன் பண்ணி, "வண்டியை ஓரங்கட்டு, வேற ஆள் வர்றான், சாவியையும் கலெக்‌ஷன் பணத்தையும் அவன்கிட்ட குடுத்துட்டுக் கிளம்பு, நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார். ஏதோ வாடிக்கையாளர் புகாராம். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். கடிதம் ஒன்றும் தரவில்லை. 19 நாள் சம்பளம் பாக்கி. என் லைசென்ஸும் ஆபீசில் இருக்கிறது.

பதில்: சம்பளத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்தக் கலெக்‌ஷன் பணம். வந்த ஆளிடம் ரசீது வாங்கினீர்களா? வாங்கியிருந்தால் நிச்சயம் எழுதியிருப்பீர்கள். நாளைக்கு நீங்கள் சம்பளம் கேட்டுப் போனால், "நீ முதலில் அந்தப் பணத்துக்குக் கணக்குச் சொல்லு" என்று திருப்பிவிடுவார்கள், நம்பிக்கை மோசடி என்று போலீசுக்குப் போவதாகவும் மிரட்டுவார்கள். அதனால் இதைப் படித்த கையோடு சூப்பர்வைசருக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், எத்தனை பார்சல் கொடுத்தது, எத்தனை வண்டியில் மீதி இருந்தது, எவ்வளவு ரூபாய், யாரிடம் கொடுத்தது எல்லாவற்றையும் எழுதி, "நீங்கள் போனில் சொன்னபடி ஒப்படைத்தேன்" என்று முடியுங்கள். அவர் பதில் போட வேண்டும் என்றில்லை. அந்த அழைப்பு பதிவாகியிருக்கும் கால் லிஸ்ட்டையும், அன்றைய டெலிவரி ஷீட் போட்டோ இருந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது, நிர்வாகம் வழக்கமாகச் சொல்லும் கதை. "நாங்கள் எங்கே நிறுத்தினோம், அவராகவே வேலையை விட்டுப் போய்விட்டார்" என்பார்கள். இந்த மாதிரி வழக்குகளில் பாதிச் சண்டை இதில்தான். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது, ஆனால் மறுநாள் நீங்கள் வேலைக்கு வராததற்கு வருகைப் பதிவேடே சாட்சி! அதனால் கான்ட்ராக்டருக்கும் பார்சல் நிறுவனத்துக்கும் தனித்தனியாக ஒரு கடிதம் போடுங்கள். இன்ன தேதியில் காரணம் சொல்லாமல், விசாரிக்காமல் வாய்வார்த்தையில் நிறுத்தினீர்கள், நான் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன், வேலை கொடுங்கள், இல்லாவிட்டால் நீக்கியதை எழுத்தில் கொடுங்கள், பாக்கிச் சம்பளத்தையும் லைசென்ஸையும் கொடுங்கள், அவ்வளவு போதும். வக்கீல் நடையெல்லாம் வேண்டாம். பதிவுத் தபாலை 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், ஆகவே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இனி அவர்கள் நீட்டும் எந்தக் காகிதத்திலும், முக்கியமாக "ராஜினாமா" என்றோ "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்றோ இருந்தால், கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாள் என்றால் பேச்சே இல்லை.

இப்போது சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. ஊதியத் தொகுப்பின்படி, உங்களை நீக்கினால் சேர வேண்டிய சம்பளத்தை 2 வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். "அடுத்த மாதம் பத்தாம் தேதி வா" என்பதெல்லாம் செல்லாது. கான்ட்ராக்டர் கையை விரித்தால், யாருடைய பார்சலை ஓட்டினீர்களோ அந்த நிறுவனம் பொறுப்பு. எங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று அவர்கள் சொன்னால் அதைக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

நீக்கியது சரியா என்பது தனிக் கேள்வி. நிர்வாகத்துக்கு இரண்டே வழிதான். நீங்கள் தப்பு செய்தீர்கள் என்றால் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, உங்கள் பக்கத்தைக் கேட்டு, விசாரணை நடத்த வேண்டும். தப்பு ஒன்றும் இல்லை, ஆள் வேண்டாம் என்றால் அது ஆட்குறைப்பு. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு (12 மாதத்தில் 240 நாள் என்று கணக்கு) காரணம் சொல்லி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம், அதோடு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடு. ஆறு மாதத்துக்கு மேல் போனால் அதையும் முழு வருஷமாக எடுப்பார்கள், ஆகவே உங்களுக்கு 4 வருஷம், 60 நாள். நோட்டீஸ் பணம் 18,000, இழப்பீடு சுமார் 36,000, பாக்கிச் சம்பளம் தனி. போனில் "கிளம்பு" என்றது இந்த இரண்டு வழியிலும் சேராது. அதனால்தான் பணம் மட்டுமல்ல, திரும்ப வேலையும் கேட்கலாம்.

எங்கே போவது? ஈரோட்டில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் சமரசம் பார்க்கும் அதிகாரியிடம் மனு கொடுங்கள். சங்கம் இல்லாவிட்டாலும் வேலைநீக்கத்துக்குத் தனி ஆளாகவே மனு போடலாம். 2 வருஷத்துக்குள் போட வேண்டும், ஆனால் 2 வாரத்துக்குள் போடுவதே புத்திசாலித்தனம். தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்திலும் ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக்கூடாது என்று 41வது பிரிவு இருக்கிறது, அதன்படி மேல்முறையீடு செய்யக் காலக்கெடு குறைவு, அதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். தொழிலாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

பி.எஃப். பாஸ்புக்கை ஒருமுறை திறந்து பாருங்கள். நியமனக் கடிதம் இல்லாதவருக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது, எந்தப் பெயரில் எத்தனை மாதம் பணம் கட்டினார்கள் என்று அதிலேயே இருக்கும். உங்கள் சம்பளம் 21,000க்குள் என்பதால் இ.எஸ்.ஐ.யும் பிடித்திருக்க வேண்டும். லைசென்ஸ் உங்கள் சொத்து, அதைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை, கடிதத்தில் எழுதுங்கள்.

கேள்வி (வேளச்சேரி வாசகர்): சாப்பாடு டெலிவரி செய்கிறேன். ஆர்டர் கையில் இருக்கும்போதே ஐ.டி.யை பிளாக் செய்துவிட்டார்கள். மேலே சொன்ன சட்டமெல்லாம் எனக்கும் உண்டா?

பதில்: கஷ்டமான பதில்தான், நேரடியாக இல்லை. உங்களை "பார்ட்னர்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு கிக் தொழிலாளி (நிரந்தர வேலை உறவு இல்லாமல், ஆப் மாதிரி வழிகளில் வேலை எடுத்துச் செய்பவர்) என்று உங்களுக்குப் பெயர் வைத்தது, கம்பெனிகள் வருமானத்தில் 1 முதல் 2 சதவீதம் நலநிதிக்குத் தர வேண்டும் என்றது, ஐ.டி.யை இப்படி வெட்டலாமா என்பதைத் தொடவில்லை. கர்நாடகம் 2025 சட்டத்தில், நீக்குவதற்கு எழுத்தில் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும் என்று வைத்தது. தமிழ்நாட்டில் 2023இல் நலவாரியம் வந்தது, பதிவு செய்யாதிருந்தால் செய்யுங்கள், ஆனால் அது உதவித்தொகைக்கான இடம், ஐ.டி.யைத் திறந்து தராது. மாநில அரசு கர்நாடகத்தைப் பார்த்தாவது ஒரு வரி எழுதியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆப் இன்னும் திறக்கிறது என்றால், வருமானப் பக்கம், ரேட்டிங், பிளாக் செய்தி, கடைசி ஆர்டர் எல்லாவற்றையும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். லாகின் போய்விட்டால் உங்கள் உழைப்புக்கே உங்களிடம் கணக்கு இருக்காது. அப்புறம் காரணம் கேட்டும் பாக்கி கேட்டும் ஈமெயிலில் எழுதுங்கள், ஹெல்ப்லைன் பேச்சு போதாது.

கேள்வி (சேலம் வாசகர்): வண்டியில் டி.வி. உடைந்ததற்கு முழு மாதச் சம்பளத்தையும் பிடித்துவிட்டார்கள். பிடிக்கலாமா?

பதில்: முழுதாக முடியாது. உங்கள் கவனக்குறைவால்தான் உடைந்தது என்றால்தான் பிடிக்கலாம், அதற்கும் முன்னால் உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்த்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. பேக்கிங் சரியில்லாமல் உடைந்ததை டிரைவர் தலையில் கட்டுவது எல்லா குடோனிலும் நடக்கிறது, அடுத்த முறை ஏற்றும்போதே பெட்டியை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.